கோணி சுற்றிய மாமரம்

எழுபதுகளின் கடைசியில் ஆரணியில் தோட்டக்கலை உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் நாளே ஒரு புகார். நெசவாளர் தெருவில் இட்லிக் கடை வைத்திருந்த ருக்குமணியம்மாள் வந்து, கடை வாசலில் இருக்கும் தன் மாமரத்தில் பட்டை தேய்ந்து பிசின் வடிகிறது என்றார். காரணம் எதிர்வீட்டு நெசவாளர் முனுசாமி. காலையில் தறிக்கான பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்குப் பாவாக இழுத்து, ஒரு முனைக் கயிற்றை அந்த மரத்தில்தான் கட்டுவார்.

போய்ப் பார்த்தேன். கயிறு படும் இடத்தில் பட்டை விரல் ஆழத்துக்கு அறுந்திருந்தது. கயிற்றுக்கு அடியில் கோணியைச் சுற்றுங்கள் என்று சொன்னேன். இருவருக்கும் திருப்தி. எனக்கு அதைவிட.

முனுசாமி எதையும் அரைகுறையாகச் செய்யாதவர். தரையிலிருந்து தோளுயரம் வரை நாலு கோணியை இறுக்கிச் சுற்றி, தைத்தே விட்டார். மழைக்காலம் முடிந்து நான் போய்ப் பிரித்தபோது கோணியோடு பட்டையும் கையில் வந்தது. உள்ளே முழுக்கக் கரையான்.

ருக்குமணியம்மாள் சாப்பிட வந்தவர்களிடம் நிதானமாகச் சொன்னார்: "ஆபீசரு மரத்துக்குப் போர்வை போத்தச் சொன்னாரு. கரையானுங்க குளிரு இல்லாம சொகமா துன்னுகினு இருந்துச்சிங்க."

செத்த பட்டையைப் பச்சை தெரியும்வரை செதுக்கி எடுத்தேன். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசையைப் பூசினேன். அடிமரம் வெளிர்நீலமானது. இனி இதில் கயிறே கட்டக் கூடாது என்றேன்.

முனுசாமி மறுக்கவில்லை. ஆனால் அன்று காலைதான் ஒரு முகூர்த்தப் புடவைக்குப் பாவு போட்டிருந்தார். இழைகளில் தடவிய கஞ்சி காயும்வரை அது விறைப்பாக நிற்க வேண்டும். தளர்ந்தால் இழை ஒட்டிக்கொள்ளும். மரத்துக்குப் பதிலாகக் கயிறு கட்டக் கல் தூண் நட இரண்டு நாளாகும்.

"கோணி சுத்தச் சொன்னது நீங்கதானுங்களே. நீங்களே செத்த புட்சிகினு நில்லுங்க" என்று மரியாதையாகவே கயிற்றை நீட்டினார்.

நியாயம்தான். கயிற்றை இடுப்பில் சுற்றி, காலை ஊன்றி நின்றேன். அரைமணி ஆகியிருக்கும். போளூர் போகிற வழியில் எங்கள் அதிகாரியின் ஜீப் வந்து நின்றது.

"என்னய்யா பண்ற?"

"ஃபீல்டு ஒர்க் சார்."

அவர் மரத்தைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவிழ்க்கச் சொல்லிவிடாதீர்கள் என்று முனுசாமி கெஞ்சினார். அதிகாரி கடைக்குள் போய் உட்கார்ந்து இட்லி கேட்டார். நடந்ததையெல்லாம் ருக்குமணியம்மாள் சட்னியோடு சேர்த்துப் பரிமாறினார். பாவு காய்ந்து நான் விடுபட்டதும் அதிகாரி சொன்னார்.

"காத்துப் படாம மூடினா பட்டை உள்ளயே அழுகிடும்யா. கயித்த நிறுத்தாம காயத்த மூடினா என்ன வைத்தியம் அது?"

தூண் நட்டார்கள். புதுப்பட்டை இருபுறமிருந்தும் உதடுபோல வளர்ந்து காயத்தை மூட மூன்று வருஷமானது. அதுவரை மரம் காய்க்கவில்லை; ருக்குமணியம்மாள் ஊறுகாய்க்கு வெளியில்தான் மாங்காய் வாங்கினார். வாங்கும்போதெல்லாம் எனக்குச் சொல்லியனுப்புவார்.

இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். மரத்தடிக்குப் போனதும் மருந்துப் பெயரைச் சொல்லாதீர்கள். பட்டையை எது அறுக்கிறது என்று பாருங்கள். அதை நிறுத்தினால் யாருடைய பிழைப்பு நிற்கும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.