என் முறை வந்தபோது

ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளுக்கு வரும் ஜப்பான் பொறியாளர்களுக்கு நான் மொழிபெயர்ப்பாளர். அவர்களில் ஒருவர் 'நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்' என்றால், நானும் தமிழில் 'நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்' என்றே சொல்ல வேண்டும். தொழில் அப்படி. நாள் முழுக்க அடுத்தவர்களின் 'நான்' என் வாயிலிருந்து வந்துகொண்டிருக்கும். திரும்பும் பஸ்ஸில் சொந்தமாக ஒரு சொல் பேசத் தோன்றாது.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் மூத்த பொறியாளர் ஒருவர் 'ஜிபுன்' என்ற சொல்லை விளக்கினார். தான் என்ற உணர்வு, தன்னியல்பு. அவர்கள் ஊர் உளவியலில் நிறைய அடிபடும் சொல்லாம். எல்லாருக்கும் தலையாட்டிக்கொண்டு, தனக்கென்று ஒன்றும் வேண்டாமல் இருப்பவரை 'ஜிபுன் இல்லாதவர்' என்பார்களாம். சிரித்து வைத்தேன். அதன்பிறகு சோறு இறங்கவில்லை.

ஏனென்றால் வீட்டிலும் எனக்கு அதே வேலைதான். அப்பாவின் காரியத்தின்போது மூண்ட சண்டையிலிருந்து அம்மாவும் அண்ணனும் பேசிக்கொள்வதில்லை. ஒரே வீடு, ஒரே அடுக்களை.

"ஏட்டி, சோறு எடுத்து வச்சிருக்குன்னு அவன்கிட்ட சொல்லு" என்பாள் அம்மா.

பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் அண்ணன், "பசிக்கலன்னு சொல்லு மக்கா" என்பான்.

இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும். நான்தான் கோபத்தை வடிகட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொடுப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன மாதம் கம்பெனி என்னை இரண்டு வருடம் ஜப்பானில் வேலை பார்க்கக் கூப்பிட்டது. மறுநாள் காலைக்குள் பதில் சொல்ல வேண்டும். அன்று சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னேன்.

"இவ போனா எனக்கு இங்க ஆரு இருக்கான்னு அவன்கிட்ட கேளு" என்றாள் அம்மா.

"அவளுக்கும் ஒரு வாழ்க்கை உண்டுல்லா, போகட்டும்னு சொல்லு" என்றான் அண்ணன்.

அதையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். "அவ போகட்டும்னு அண்ணன் சொல்லுதான், அம்மா" என்றேன். என்னையே 'அவ' என்றதை இருவருமே கவனிக்கவில்லை. எனக்குத்தான் உறைத்தது.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "அவன் கெடக்கட்டும். ஒனக்குப் போணுமாட்டி?" என்றாள்.

அண்ணனும் நிமிர்ந்து பார்த்தான். எனக்குப் பயமாகிவிட்டது. போக வேண்டும் என்றும் தோன்றவில்லை, வேண்டாம் என்றும் தோன்றவில்லை. இரண்டு பேரில் யாராவது வாயைத் திறந்தால் அதையே சொல்லிவிடலாம் என்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.