ஷேஃபர் என்றால் என்ன ஆளு?

அண்ணன் சுடலைராஜ் முன்னால் மூக்காண்டி உட்கார்ந்து பேசியதே கிடையாது. ஆடுகள் அண்ணனுடையவை, மேய்ப்பது மட்டும் இவர். கரிவலம்வந்தநல்லூரைச் சுற்றி அறுப்பு முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போட்டே மூக்காண்டிக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அண்ணனுக்குச் சங்கரன்கோவிலில் தீவனக் கடையும் மாடி வீடும் இருந்தன. மூக்காண்டி மகள் சண்முகப்ரியா நர்சிங் முடித்து ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனபோது, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்ததும் அந்த அண்ணன்தான்.

லீவில் வந்த ப்ரியா, கூட வேலை பார்க்கும் யோனாஸ் ஷேஃபரைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். அன்று சாயங்காலமே சுடலைராஜ் வந்தார். "பத்திரமா இருக்கட்டும்" என்று அவளுடைய பாஸ்போர்ட்டை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அவன் என்ன ஆளு?"

"அங்கன அப்படியெல்லாம் கிடையாது பெரியப்பா."

"ஆளு இல்லாத ஊரு எங்கட்டி இருக்கு? விசாரிச்சுச் சொல்லு."

ப்ரியாவின் அம்மா பேச்சித்தாய்க்குச் சோறு இறங்கவில்லை. முன்பு சொந்தத்தில் ஒருத்தி வேறு சாதி ஆளைக் கட்டிக்கொண்டு போனபோது, சுடலைராஜ்தான் நாலு பேரோடு போய் அவளை இழுத்து வந்தார். இன்றுவரை அவள் வாசலைத் தாண்டுவதில்லை. லீவு முடியும் நாள் நெருங்க நெருங்க, மகள் தூங்கும்போது பேச்சித்தாய் வாசல்படியிலேயே படுத்துக்கொண்டாள்.

வழி திறந்தது சுடலைராஜின் மகன் மகாராஜனால். செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு அவன் கத்தினான்.

"எப்பா, ஷேஃபர்னா ஆடு மேய்க்கவன்னு அர்த்தமாம்!"

சுடலைராஜ் ப்ரியாவைக் கூப்பிட்டு விட்டார். அவள் மறைக்கவில்லை. முன்காலத்தில் அங்கேயும் ஒற்றைப் பெயர்தான் என்றாள். ஒரே ஊரில் நாலு யோனாஸ் இருந்தால், ஆடு மேய்க்கிற யோனாஸ், மாவு அரைக்கிற யோனாஸ் என்று தொழிலைச் சேர்த்துக் கூப்பிட்டார்கள். வரி எழுதியவர்களும் மாதாகோயிலில் ஞானஸ்நானம் எழுதியவர்களும் அதையே எழுதி வைக்க, தொழில் போன பிறகும் பெயர் பிள்ளைகளோடு ஒட்டிக்கொண்டது.

"ஆடு மேய்க்கவன் பிள்ளயள ஒரு காலத்துல வேற தொழில் சங்கத்துல சேக்கவே மாட்டாங்களாம்பா. கீழாத்தான் வச்சிருந்திருக்காங்க" என்றான் மகாராஜன்.

சுடலைராஜுக்கு முகம் சிவந்தது. சிறுவயதில் டவுனில் அவரை எங்கே நிற்க வைத்தார்கள் என்பது அவருக்கு மறந்திருக்கவில்லை. "அப்ப நம்ம ஆளுதான்" என்றார். "ஞாயித்துக்கெழம சொந்தக்காரங்களக் கூப்பிடுதேன். பையன வீடியோவுல வரச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை சங்கரன்கோவிலுக்குப் பஸ்ஸில் போகும்போதுதான் ப்ரியா அப்பாவிடம் யோனாஸ் வீட்டுக் கதையின் மீதியைச் சொன்னாள். கேட்டு முடித்ததும் மூக்காண்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத அங்கன சொல்லாத மக்கா. கெஞ்சிக் கேக்குதேன்."



சுடலைராஜ் வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. மேசைமேல் செம்பில் சாத்திச் செல்போனை நிறுத்தியிருந்தார்கள். திரையில் யோனாஸ் கும்பிட்டான். பெண்கள் சிரித்தார்கள்.

"அவங்க தாத்தாவும் ஆடுதான் வச்சிருந்தாரான்னு கேளு" என்றார் சுடலைராஜ்.

ப்ரியா கேட்டாள். யோனாஸ் நிதானமாக, நீளமாகப் பேசினான். பேசி முடித்ததும் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"என்ன சொல்லுதான்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் பாஸ்போர்ட் கைக்கு வந்துவிடும். அந்த மொழி அங்கே வேறு யாருக்கும் தெரியாது. மூக்காண்டி தரையையே பார்த்தபடி நின்றார்.

"ரெண்டாம் உலகச் சண்டை முடியிற சமயத்துல ரயில்வே ஸ்டேஷன்ல கெடந்த பிள்ளையாம் அவங்க தாத்தா" என்றாள் ப்ரியா. "ரெண்டு வயசு. பேரு சொல்லத் தெரியல. ஷேஃபர்னு ஒரு குடும்பம் எடுத்து வளத்துருக்கு. அவங்களும் மரக்கடைதான் வச்சிருந்தாங்களாம். பேரு அவங்க குடுத்தது. பெத்தவங்க யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாதாம்."

சுடலைராஜ் செல்போனைக் கவிழ்த்து வைத்தார்.

"என்ன ரத்தம்னே தெரியாதவனுக்கா பிள்ளயக் குடுக்கது? இவ எங்கயும் போகல. பாஸ்போர்ட் இங்கனயே கெடக்கட்டும்."

மகாராஜன் எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றான். ப்ரியா அப்பாவைப் பார்த்தாள். மூக்காண்டி மேசை வரைக்கும் வந்து, அண்ணனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பாஸ்போர்ட்டக் குடுண்ணே."

"குடுக்கலன்னா?"

"போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவேன். உன் பேரச் சொல்லி எழுதிக் குடுப்பேன். முன்ன ஒருத்திய இழுத்துட்டு வந்தியே, அதையும் சேத்துச் சொல்லுவேன். அன்னைக்கு வண்டியில நானும்தான இருந்தேன்."

சுடலைராஜ் உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து பாஸ்போர்ட்டைத் தரையில் வீசினார்.

"இனி என் ஆட்டுப் பக்கம் வராத."

ப்ரியா குனிந்து எடுத்துக்கொண்டாள். அன்றே பேச்சித்தாயையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் பஸ் ஏறி மதுரைக்குப் போய்விட்டார்கள். விமானம் கிளம்பும் நாள் வரை ப்ரியாவின் தோழி வீட்டில்தான் இருந்தார்கள்.

இப்போது மூக்காண்டி வாசுதேவநல்லூர்ப் பக்கம் வேறு ஒருவர் ஆட்டை மேய்க்கிறார். சுடலைராஜ் வீட்டிலிருந்து நல்லதுக்கும் சொல்வதில்லை, கெட்டதுக்கும் சொல்வதில்லை. கரிவலம் பஸ்ஸில் சொந்தக்காரர்கள் கண்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள்.

போன மாதம் ப்ரியாவுக்கு மகள் பிறந்தாள். ப்ரியாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா பெயர்தான் இருக்கிறது. ஷேஃபர், மூக்காண்டி, இரண்டில் எதைப் பிள்ளைக்கு வைப்பது என்று அங்கே பிறப்பைப் பதிகிற ஆபீசில் கேட்டார்களாம். யோனாஸ்தான் மூக்காண்டி என்று சொன்னானாம்.

"ஏட்டி, கேலி பண்ண மாட்டாங்களா?" என்று போனில் பதறினார் மூக்காண்டி. "அண்ணனுக்குப் பெறகு எனக்கு முன்னால பொறந்த மூணும் செத்துப் போச்சுன்னு, இதாவது தங்கட்டும்னு மூக்கக் குத்தி வச்ச பேருட்டி அது!"

"தெரியும்பா. அவருகிட்டயும் சொல்லிட்டேன். எழுதியாச்சு."

அவர் போனைப் பேச்சித்தாயிடம் கொடுத்துவிட்டு, வரப்பு தாண்டப் பார்த்த ஆட்டைத் திருப்ப ஓடினார்.