கல்லுக்கு அடியில் போன தாய்மாமன் பேர்

சமையலறை சிங்க் விற்கிற தொழிலில் ஒரு வேடிக்கை உண்டு: வாங்க வருகிறவர் ஜென்மத்தில் ஒரு தட்டைக்கூடக் கழுவியிருக்க மாட்டார், ஆனால் நாம் எதைச் சொன்னாலும் "அதெல்லாம் எனக்குத் தெரியும்" என்பார். ஜவுளியோ மருந்தோ செருப்போ, எதையாவது விற்று, பல்லைக் காட்டிக் காட்டியே தாடை வலித்த என் இனத்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் எனக்குத் திமிர் என்பார்கள்.

எண்பதுகளின் நடுவில் தருமபுரியில் ஒரு ஹார்டுவேர் கடையில் நான் சேல்ஸ் கேர்ள். சொந்த ஊர் பாப்பாரப்பட்டிப் பக்கம். பெங்களூருக்குப் போன எங்கள் முதலாளியை யாரோ பேசி மயக்கி, கல்லுக்கு அடியில் மாட்டுகிற எவர்சில்வர் சிங்க்குகள் ஒரு லாட்டை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். மற்ற சிங்க்கின் விளிம்பு மேடைக் கல்லின் மேல் உட்காரும். இதன் விளிம்பு கல்லுக்கு அடியில் போய்விடும். மேடையில் சிந்திய தண்ணீரைக் கையால் ஒரு தள்ளு தள்ளினால் நேராக உள்ளே விழும், ஓரத்தில் அழுக்கு அடையாது. பாத்திரம் விளக்குகிற யாருக்கும் பார்த்ததும் புரிந்துவிடும். பாத்திரம் விளக்குகிற யாரும் கடைக்கு வரவில்லை என்பதுதான் சங்கடம்.

"பொம்பளைங்க சாமான், நீயே வித்துக் குடு. தீவாளிக்குள்ள போவலைன்னா நீ வூட்டோட இருந்துக்க" என்று முதலாளி சொல்லிவிட்டார். அப்பா அதற்காகவே காத்திருந்தார். ஏரியூரில் மோட்டார் கிணறு வைத்திருந்த ஒருவரை எனக்காகப் பார்த்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் அப்பா கண்ணை மூடி என்ன வேண்டிக்கொண்டார் என்று எனக்குத் தெரியாதா? எனக்குக் கிணறும் வேண்டாம், கிணற்றுக்காரரும் வேண்டாம். என் சம்பளம், பஸ்ஸில் ஜன்னலோர சீட், தலைக்கு மேல் ஒரு ஃபேன், இவற்றை விட்டுவிட்டுக் கடலைக்காட்டுக்குத் திரும்ப எனக்கு மனசே இல்லை.

தராசு

முதலில் வந்தவர் பாலக்கோட்டுப் பக்கம் புதிதாக மெத்தை வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு விவசாயி. "ஆம்பளைங்க யாரும் இல்லியா?" என்று கேட்டார். முதலாளி சாப்பிடப் போயிருக்கிறார் என்றேன். சரி, அவர் வரும்வரை பொழுது போகட்டும் என்று என்னிடம் சிங்க்கைக் காட்டச் சொன்னார். தூக்கிப் பார்த்தார். விரலை மடக்கித் தட்டி, காதை வைத்துக் கேட்டார். பிறகு, "கிலோ என்ன வெலை?" என்றார்.

பாத்திரக் கடையில் எவர்சில்வரை எடை போட்டுத்தான் விற்பார்கள், அவர் கேட்டதில் தப்பில்லை. சிங்க்கை எடைக்கு விற்பதில்லை என்று நான் சொன்னதுதான் தப்பாகிவிட்டது. ஏதோ மோசடி நடக்கிறது என்று முடிவு கட்டி, ஆணி நிறுக்கிற தராசில் அதை ஏற்றச் சொன்னார். ஏற்றினேன். முள் அவர் எதிர்பார்த்த இடத்துக்குப் போகவில்லை. என்னைப் பார்த்த பார்வையில், பாதி எவர்சில்வரை நான் வழியிலேயே தின்றுவிட்டேன் என்று இருந்தது.

"இத்தினி பெருசு இருக்குது, கனமே இல்லியே பாப்பா. இந்தக் காசுக்கு ரெண்டு அண்டா வாங்கிப் போட்டா பேத்தி கல்யாணத்துக்காச்சும் ஆவும்."

ஹெட்மாஸ்டரின் சந்தேகம்

ரிட்டயர் ஆன ஹெட்மாஸ்டர் ஒருவர் டேப்போடு வந்தார். நீளம் அளந்தார், அகலம் அளந்தார், ஆழத்தை இரண்டு தடவை அளந்தார். வீட்டு அம்மாவையும் ஒரு தரம் கூட்டிவந்து காட்டலாமே என்றேன். "அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்றார். முப்பது வருஷமாகப் பாத்திரம் விளக்குகிறவருக்குத் தெரியாதது, டேப் வைத்திருப்பவருக்குத் தெரியும் போலிருக்கிறது.

எல்லாம் பிடித்திருந்தது, அந்த விளிம்பு மறைவது மட்டும் பிடிக்கவில்லை. "காசு குடுத்து வாங்குற எவர்சில்வரைக் கல்லுக்கு அடியில ஒளிச்சு வைக்கச் சொல்றியேம்மா. தங்கச் சங்கிலி வாங்கி யாராச்சும் ரவிக்கைக்குள்ள போடுவாங்களா?" என்று வகுப்பில் கேட்பதுபோலக் கேட்டார். "தாலிய உள்ளதானே சார் போடுறாங்க" என்றேன். பதில் தெரிந்தால் சொல்லிவிடுவது எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முதலாளி கல்லாவில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"நீ சொன்னது நாயந்தான் பிலோமினா. ஆனா நாயம் பேசுனா சரக்கு போவாது."

முதலாளி உட்கார்ந்தார்

பேங்க்கில் கிளார்க்காக இருந்த ஒருவர் கிட்டத்தட்ட வாங்கியே விட்டார். கெடுத்தது அவர் கூட்டிவந்த மேஸ்திரி. ஓசூர்ப் பக்கத்து ஆள். "பேடா சார், பேடா" என்று கன்னடத்தில் தடுத்துவிட்டுத் தமிழுக்கு வந்தார். கல்லுக்கு அடியில் மாட்டினால் பாத்திரத்தின் பாரம் தாங்காமல் ஒரு நாள் மொத்தமும் கீழே வந்துவிடுமாம். கல்லின் வெட்டுவாயை இழைத்து வழவழப்பாக்குகிற வேலை அவருக்குச் சோம்பல் என்பது எனக்குத் தெரியும். அதை எப்படிச் சொல்வது?

முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. கடையில் செங்கல் வைத்துக் கடப்பாக் கல் போட்டு, மாதிரிக்கு ஒரு சிங்க் மாட்டியிருந்தோம். நல்ல சரீரம் முதலாளிக்கு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஸ்டூல் போட்டு ஏறி, சிங்க்குக்குள் உட்கார்ந்துவிட்டார். சிங்க் விழவில்லை. முதலாளியும் எழவில்லை. நானும் லோடுமேனும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுத்தோம். பேங்க்காரர் குனிந்து அடியில் பார்த்தார், சுற்றி வந்து பின்னால் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார்.

"சிங்கு நல்ல கெட்டிதாங்க. ஆனா எங்க வூட்ல யாரும் அதுல உக்கார மாட்டாங்க, அந்த மேல வைக்கிறதையே குடுத்துடுங்க."

மாமன் வந்தார்

தீபாவளி நெருங்கிவிட்டது. ஒன்றுகூட விற்கவில்லை. அப்பா ஏரியூருக்கு ஒரு நடை போய்வந்தார் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் மாரண்டஹள்ளியில் காய்கறி மண்டி வைத்திருந்த பெரியவர் ஒருவர் சொந்தக்காரர்களோடு வேனில் வந்து இறங்கினார். அவருடைய அக்கா மகள் செல்வி தருமபுரியில் கட்டிய வீடு முடிகிற கட்டத்தில் இருந்தது. கிரகப்பிரவேசத்துக்குத் தாய்மாமன் சீராகப் புதுமையாக ஏதாவது வைக்க வேண்டும். அலமாரியைப் பார்த்தார். என் சிங்க்குகளிலேயே பெரியதைக் காட்டி, "அத எடு" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சீர் என்றால் பேர் வெட்ட வேண்டுமே. கொடுத்தவர் பேர் இல்லாத எவர்சில்வரை நம் பக்கத்தில் யார் சீராக ஒத்துக்கொள்வார்கள்? விளிம்பைக் காட்டி, இங்கே நீளமாக வெட்ட வேண்டும் என்றார். "அந்த வெளிம்பு கல்லுக்கு அடியில போயிருங்க, பேரு தெரியாதுங்க" என்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். முதலாளி கையைக் காட்டி என்னை அடக்கினார்.

"பேரு வெட்டுற ஆளக் கூப்புடுங்க மொதலாளி, இந்தப் பாப்பா குறுக்க குறுக்க என்னமோ பேசிக்கிட்டே இருக்குது."

இலையைத் தொடாமல் போனவர்

கிரகப்பிரவேசத்தன்று மாமன் ஊரிலிருந்து ஒரு கூட்டத்தையே கூட்டிவந்தார். வழியெல்லாம் சிங்க்கைப் பற்றித்தான் பேச்சாம். வாசலில் குடித்த காபிகூட இறங்கியிருக்காது, எல்லோரையும் சமையலறைக்குக் கூட்டிப்போனார். சிங்க் இருந்தது, பளபளவென்று இருந்தது. பேர் மட்டும் கல்லுக்கு அடியில் சிமெண்ட் பூச்சுக்குள் போயிருந்தது. கட்டட வேலையைப் பார்த்துக்கொண்ட அக்கா புருஷன்தான் வேண்டுமென்றே பேரைப் புதைத்துவிட்டார் என்று முடிவு செய்த மாமன், பந்தியில் போட்ட இலையைத் தொடாமல் எழுந்து போனார். அவரோடு மாரண்டஹள்ளியே எழுந்து போனது. அத்தனை இலையும் சோறோடு கிடந்ததாம்.

மறுநாள் கடை வாசலில் அவர் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர்கள்கூட வந்துவிட்டார்கள். நான் அன்றே சொன்னேனே என்று வாயைத் திறப்பதற்குள், "இந்தப் பொண்ணுதாங்க வித்துது" என்று முதலாளி என்னைக் காட்டினார். விற்கும்போது மொதலாளி மொதலாளி என்று அவரிடம் நடந்த வியாபாரம், வில்லங்கம் என்றதும் என்னுடையதாகிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த குழாயை விட்டெறிந்திருப்பேன். வேலை வேண்டுமே, கீழே வைத்தேன்.

"யாராச்சும் ஒரு மேஸ்திரியக் கூட்டிட்டுப் போயி, கல்லப் பேத்து மேல வச்சுக் குடுத்துட்டு வா. அவரு சமாதானம் ஆவலைன்னா அப்பிடியே பாப்பாரப்பட்டி பஸ் ஏறிக்க."

செல்வியின் சிங்க்

போனேன். மேஸ்திரி உளியை எடுத்ததும் செல்வி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சிங்க்குக்குக் குறுக்கே நின்றுவிட்டாள். விசேஷத்துக்கு வந்த பாத்திரம் அத்தனையையும் நின்றபடியே விளக்கியிருக்கிறாள், ஒரு சொட்டுத் தண்ணீர் காலில் சிந்தவில்லையாம். "கல்லுல கைய வச்சுத்தான் பாருங்களேன்" என்றாள். மேஸ்திரி உளியைப் பைக்குள் வைத்துவிட்டார். எங்களோடு வந்திருந்த மாமன் கூடத்தில், "எம்பேரு தெரியணும், அவ்ளோதான்" என்று கத்திக்கொண்டிருந்தார். கல்லைப் பெயர்த்தால் இவள் வயிற்றெரிச்சல், பெயர்க்காவிட்டால் எனக்கு ஏரியூர்.

மாமனைச் சமையலறைக்கு அழைத்துவந்து, சிங்க்கின் உள்பக்கச் சுவரைக் காட்டினேன். "இங்க வெட்டிருவோங்க. யாரு வந்து நின்னாலும் மொதல்ல உங்க பேருதான் கண்ணுல படும்" என்றேன். அன்றைக்குத்தான் அவர் முதன்முதலாக என் முகத்தைப் பார்த்தார். பேர் வெட்டுகிறவர் மெஷினோடு வந்தார். இனிஷியல், பேர், ஊர், தாய்மாமன் சீர் என்று முழுசாகப் பெரிய எழுத்தில் வெட்டினார். மாமனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பக்கத்து வீடுகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, உட்கார்ந்து இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அவர் கை கழுவ எழுந்ததும் செல்வி அவருடைய எச்சில் தட்டை எடுத்துவந்து சிங்க்கில் போட்டாள். மிச்சமிருந்த ரசம் இனிஷியலில் ஆரம்பித்து மாரண்டஹள்ளி வரைக்கும் ஒழுகியது. தேங்காய் நாரைக் கையில் எடுத்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எட்டாவதோட என் படிப்ப நிறுத்தச் சொன்னது இந்த மாமாதாங்க்கா. இனிமே மூணு வேளையும் அவரு பேரப் போட்டுத் தேய் தேய்னு தேய்ப்பேன்."

மாமன் பேச்சு சந்தையெல்லாம் பரவி, "உள்ள பேரு வெட்டுன சிங்கு" கேட்டுப் பெரிய மனிதர்கள் வேனிலும் ஜீப்பிலும் வந்து இறங்க, தீபாவளிக்குள் சரக்கு தீர்ந்து என் வேலை தப்பியது, ஏரியூர்க்காரருக்கு வேறு பெண் பார்த்தார்கள். நல்ல சிங்க் எது என்று ஒரு ஆணுக்கும் என்னால் கடைசிவரை புரியவைக்க முடியவில்லை, ஆனால் தங்கள் பேரின் மேல் வீட்டுப் பெண்கள் தினமும் எச்சில் தட்டைப் போடுவதற்கு அவர்களே காசு கொடுத்து வரிசையில் நின்றார்கள்.