பறக்கத் தெரிந்தவர்கள் நின்ற வரிசை

வேற்றுக் கிரகத்திலிருந்து அகதிகள் வந்தால் விருதுநகர் ஜங்ஷனில்தான் இறங்குவார்கள் என்று கதை எழுதி, அதை முதல் ஆளாக நம்பியும் தொலைத்த முட்டாள் நான். முட்டாள்தனம் எனக்குப் புதிதல்ல. அதற்கு முன்பு பெரியப்பாவின் மிளகாய் வத்தல் மண்டியில் வேலைக்குச் சேர்ந்தேன். மூட்டை பிரிக்கும்போதெல்லாம் தும்மித் தும்மி, வியாபாரிகள் கேட்ட விலை எதுவும் காதில் விழாமல், எல்லோருக்கும் பொதுவாகத் தலையாட்டிவைத்தேன். "நெடி இல்லாத தொழிலாப் பாருப்பா" என்று பெரியப்பா மரியாதையாக வெளியே அனுப்பினார். நெடி இல்லாத ஊர் என்று நான் தேடிப் போனது சிவகாசிக்கு. என் அறிவின் வீச்சு அவ்வளவு.

அங்கே ஓர் ஆப்செட் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டி லேபிள்களுக்கு வாசகம் எழுதுவதும் புரூஃப் பார்ப்பதும் என் வேலை. முதலாளியை அண்ணாச்சி என்போம். அவருடைய மச்சானுக்கு விஸ்வநத்தம் பக்கம் பட்டாசுக் கம்பெனி. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு சீசனில், கிஃப்ட் பாக்ஸுக்குள் பிள்ளைகளுக்காக ஒரு குட்டிப் படக்கதைப் புத்தகம் வைக்கலாம் என்று மச்சானுக்குத் தோன்றியது. 'ஈரம் படாத இடத்தில் வைக்கவும்' என்பதைப் பிழையில்லாமல் எழுதுகிறவன் கதையும் எழுதுவான் என்று அண்ணாச்சி என்னைக் கைகாட்டிவிட்டார்.

படம் வரையக் கிடைத்தவர் என்னைவிட ஆயிரம் மடங்கு கெட்டிக்காரர். இலங்கையின் மன்னார்க்காரர். சின்ன வயதில் படகேறி வந்து, விருதுநகரைத் தாண்டி இருந்த அகதிகள் முகாமில் வளர்ந்து, அங்கேயே கல்யாணமும் செய்தவர். தினமும் பஸ்ஸில் வந்து, கம்பி மத்தாப்புப் பிடித்த குழந்தைகளையும் லட்சுமியையும் லேபிளுக்கு வரைந்துவிட்டு, இருட்டுவதற்குள் ஓடுவார். காரணம், செக்கிங். அதிகாரி முகாமுக்கு வந்து ஆள் எண்ணும்போது குடும்பத்தில் எல்லோரும் நேரில் நிற்கவேண்டும். நிற்காதவருடைய பதிவு வெட்டப்படும். அதோடு அவர் பங்கு அரிசியும் உதவித்தொகையும் நின்றுபோகும். மறுபடி பெயர் ஏற்ற ஆபீஸ் ஆபீஸாக அலையவேண்டும். மாதச் செக்கிங் என்றைக்கு என்று தெரியும், அன்று லீவு போட்டுவிடுவார். இடையில் சொல்லாமல் வருகிற செக்கிங் என்றால் மனைவி போன் செய்தால்தான் உண்டு. லேபிளில் லட்சுமிக்கு மூக்குத்தி வைக்கும்போதும் அவருடைய ஒரு காது ஆபீஸ் போனிடம் இருக்கும்.

என் கதைக்கு வருவோம். சொந்தக் கிரகம் எரிந்துபோனதால் கிளம்பி வந்தவர்கள் என் ஆட்கள். பறப்பார்கள். லோடு லாரியைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார்கள். தீ அவர்களைச் சுடாது. விழவரும் வால்நட்சத்திரத்தைத் தடுத்து ஊரைக் காப்பாற்றி, கடைசிப் பக்கத்தில் நம் தெருக்களிலேயே குடியேறிச் சந்தோஷமாக இருப்பார்கள். இதை நிமிர்ந்த நெஞ்சோடு அண்ணாச்சியிடம் வாசித்துக் காட்டினேன்.

"தீ சுடாதா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார் அண்ணாச்சி.

"சுடாது அண்ணாச்சி."

"அப்ப மச்சான் கம்பெனியில மருந்து கலக்குற ரூமுக்கு விட்டுருவோம்லே! எம்புட்டு வசதி!"

கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"வால்நட்சத்திரத்தையே நிறுத்துனவுக அண்ணாச்சி. அவுகளப் போயி மருந்து கலக்கவா?"

"வந்தவுகளுக்குச் சோறு போடுறது யாரு?"

"அவுக சோறு திங்கமாட்டாக. வெயிலக் குடிச்சே வாழ்றவுக."

"பாத்தியா, கூலியும் மிச்சம்!"

அதோடு விட்டாரா? கடைசிப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஊருக்குள்ள வாடகைக்கு வீடு குடுத்த மாதிரி போடாதலே. எந்த ஊரு, என்ன ஆளுகன்னு தெரியாம யாரு குடுப்பா? கம்மாக்கரைக்கு அங்கன கொட்டகை போட்டுக் குடு. இருட்டுனப்பறம் பறக்கக்கூடாதுன்னும் சேத்துக்க." கட்டிங் மெஷின் அருகில் நின்றவர் எட்டிப் பார்த்து, "அடையாள அட்டை ஒண்ணு குடுத்துருங்கண்ணே, அதான் முறை" என்றார். ஆளாளுக்கு ஒரு விதி சொன்னார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் என் மாவீரர்கள் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை ஆகிவிட்டார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இல்லாத கிரகத்திலிருந்து வந்த இல்லாத மனிதர்களுக்குக் கூடவா வீடு கொடுக்க மனம் வராது? காகிதத்தில் வீடு கட்ட சிமென்ட்டா செலவாகிறது? யாரிடம் என்ன கேட்டார்கள் அவர்கள்? ஊரையே காப்பாற்றியிருக்கிறார்கள். அதற்குப் பரிசு கண்மாய்க்கரைக் கொட்டகையும் வெடிமருந்து அறையுமா? இதையெல்லாம் அண்ணாச்சியின் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. டீக்கடைக்குப் போய், வடை மாஸ்டரிடம் மிகத் துணிச்சலாகச் சொன்னேன்.

ஓவியர் இதையெல்லாம் கேட்டபடியே லேபிளுக்கு லட்சுமி வரைந்துகொண்டிருந்தார். மறுநாள் கடைசிப் பக்கத்தை வரைந்து கொண்டுவந்தார். வீடும் இல்லை, கொட்டகையும் இல்லை. ஒரு மேஜை. மேஜைக்கு முன்னால் என் ஆட்கள் பிள்ளைகுட்டிகளோடு வரிசையில் நிற்கிறார்கள். லாரியைத் தூக்கியவனும் நிற்கிறான். கால்கள் எல்லாம் தரையில்.

"பறக்கத் தெரிஞ்சவுக எதுக்குங்க வரிசையில நிக்காக?" என்றேன்.

"பறந்தாப் பதிவை வெட்டிப்போடுவினம், அண்ணை."

தூரிகையைக் கழுவப் போனார். நான் அந்தப் பக்கத்தைப் பார்த்தபடியே நின்றேன். என் கதையில் அதுவரை இல்லாத உண்மை அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. அந்தப் பக்கம் அப்படியே அச்சாகும் என்று அங்கேயே முடிவு செய்தேன். முடிவு செய்யும் அதிகாரம் எனக்கு இல்லை என்பது வேறு விஷயம்.

அட்டைப் படம் மட்டும் பாக்கி இருந்த நாளில், காலை பத்தரை மணி வாக்கில் ஆபீஸ் போன் அடித்தது. முகாமுக்கு வெளியே இருந்த காயின் பூத்திலிருந்து ஓவியரின் மனைவி. "செக்கிங் வந்திருக்கினம், உடனே வரச் சொல்லுங்கோ" என்பதற்குள் கட்டாகிவிட்டது. ஓவியர் கையில் வண்ணத்தோடு எழுந்து நின்றார்.

"அட்டையை முடிச்சுட்டுப் போகச் சொல்லுப்பா, மெஷின் சும்மா கெடக்கு" என்றார் அண்ணாச்சி.

"பேரை வெட்டிருவாக அண்ணாச்சி."

"வெட்டுனாத் திரும்ப எழுதிக்கிடலாம். சீசன் போனா வருமா?"

அன்றுதான் வாழ்க்கையில் முதல்முறையாக வடை மாஸ்டர் இல்லாத இடத்தில் என் கோபம் வெளியே வந்தது. அண்ணாச்சியின் டி.வி.எஸ். வண்டிச் சாவியை அவர் மேஜையிலிருந்தே எடுத்தேன். "எங்கலே போற?" என்ற சத்தத்தை முதுகில் வாங்கிக்கொண்டு ஓவியரைப் பின்னால் ஏற்றினேன். வீரம் திருத்தங்கல் வரை நன்றாகவே ஓடியது. அங்கே ரயில்வே கேட்டை அடைத்திருந்தார்கள். லோடு லாரியைக் கக்கத்தில் இடுக்குகிறவனைப் படைத்த நான், கேட் கீப்பரைப் பார்த்து ஹாரன் அடித்தேன். அது ஆட்டுக்குட்டி கத்துவதுபோலக் கேட்டது. ஓவியர் என் தோளைப் பிடித்திருந்தார். கையிலிருந்த வண்ணம் என் சட்டையில் ஒட்டியது.

முகாமுக்குள் நுழைந்தபோது வேப்பமரத்தடியில் மேஜை இருந்தது, வரிசை கலைந்திருந்தது. அதிகாரி பேனாவை மூடிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் ஓவியரின் மனைவி கைக்குழந்தையோடு நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"நான் வந்துட்டன், ஐயா" என்றார் ஓவியர், மூச்சிரைக்க.

"கூப்பிட்டப்ப ஆள் இல்ல. வெட்டியாச்சு."

நான் முன்னால் போனேன். "சார், இவரு வேலைக்குத்தான போனாரு? திருடவா போனாரு? குடுக்கிற அரிசி பத்தாமத்தான போறாரு? இந்தா நிக்காரே, முழுசா, உசுரோட! கண்ணால பாத்தபெறகும் ஆள் இல்லைங்கீங்க. இது என்ன நியாயம் சார்?"

"நீங்க யாரு?"

"எழுத்தாளர்."

"என்ன எழுதியிருக்கீங்க?"

"பட்டாசுப் பெட்டிக்குள்ள வைக்கிற புக்கு" என்றேன். அதிகாரிக்குப் பின்னால் நின்ற ஏட்டு வாயைப் பொத்திக்கொண்டார். என் கோபம் அந்த இடத்தில் பாதியாகக் குறைந்திருக்கவேண்டும். இரண்டு மடங்கானது. இன்னும் கத்த வாயைத் திறந்தேன். ஓவியர் என் சட்டையை இழுத்தார்.

"கதைக்காதேங்கோ அண்ணை. கோவிச்சிட்டார் எண்டால் பிறகு பேரைத் திரும்ப எழுதவே மாட்டார்."

பிறகு அவர் கைகூப்பினார். சிவப்பும் மஞ்சளும் காயாத கைகள். அதிகாரி அந்தக் கைகளைப் பார்த்தார். "சரி. அடுத்த திடீர் செக்கிங்குக்கு வரும்போது ஆள் இங்கன நின்னா, திரும்பச் சேக்கச் சொல்லி எழுதி அனுப்புறேன்" என்றார்.

ஓவியரின் மனைவி அப்போதுதான் குழந்தையை இடுப்பு மாற்றினார். எனக்கு ஏதோ ஜெயித்துவிட்ட நினைப்பு. குரலை மிக மரியாதையாக்கிக்கொண்டு, "அது என்னைக்குன்னு சொல்லிட்டீங்கன்னா, அன்னைக்கு வேலைக்கு லீவு போட்டுருவாரு சார்" என்றேன்.

"சொல்லிட்டு வந்தா அதுக்குப் பேரு செக்கிங்கா?"