மேஸ்திரி நாக்கில் வைத்துப் பார்த்த சுவர்

“...நாலு பக்கமும் அடச்சுப்புட்டு, மூச்சு வுடுன்னா அது எப்படிங்கய்யா வுடும்? இந்தச் செவுத்து வாய அடச்சவன் நாந்தான்” என்று சொல்லி முடித்த மேஸ்திரி, சுவரில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை ஆள்காட்டி விரலால் வழித்து நாக்கு நுனியில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். நானும் என் மனைவியும், வைத்தியர் நாடி பிடிக்கும்போது நிற்பதுபோல நின்றோம்.

“கடலு பாதி, வாய்க்கா பாதி” என்றார். வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தார். “ஈரம் மேலேர்ந்து எறங்கல. தரையிலேர்ந்து ஏறுது.”

அடைத்தவன் தானே என்று அவர் சொன்னது பெருந்தன்மை. அடைக்கச் சொன்னவன் நான்.

பிரெஞ்சுக்காரர்கள் போய் இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ ஆகியிருந்தது. எங்கள் தெருவில் யாரைப் பார்த்தாலும் வீட்டுக்கு ஏதாவது புதிதாகச் செய்துகொண்டிருந்தார்கள். எதிர்வீட்டில் முகப்பு முழுக்க சிமெண்ட் பூசினார்கள். நான் அச்சாபீசில் எழுத்துக் கோக்கிறவன். பகலெல்லாம் ஈய எழுத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினால், அந்தச் சுவர் சிலேட்டுப் பலகை மாதிரி வழவழவென்று நிற்கும். எங்களுடையதோ மாமனார் விட்டுப்போன வீடு, செங்கல்லும் சுண்ணாம்பும். அங்கங்கே பொரிந்து கிடந்தது. இதே மேஸ்திரியைத்தான் கூப்பிட்டேன்.

“இது சுண்ணாம்புல எழும்பின வூடுங்கய்யா. சுண்ணாம்பே பூசிடலாம்” என்றார் அப்போதே.

“காலம் மாறிடுச்சு மேஸ்திரி.”

“காலம் மாறிடுச்சு, சரி. செவுத்துக்கு யாராச்சும் சொன்னீங்களா?”

நான் விடவில்லை. அவர் உள்ளேயும் வெளியேயும் இடுப்பளவுக்கு சிமெண்ட் பூசிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு மழைக்காலம் நன்றாக இருந்தது. இரண்டாவது மழைக்காலத்தில் பூச்சுக்கு மேலே ஈரம் ஏறியது. பிறகு உப்புப் பூத்தது. காலையில் தொட்டால் மாவு மாதிரி கையில் வரும்.

இதில் எனக்குப் போனது பெருமை மட்டும். என் மனைவிக்குப் போக இருந்தது பிழைப்பு. அவள் தையல்காரி. மாதா கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளை உடை என்றால் சுற்றுப்பட்ட தெருக்காரர்கள் அவளிடம்தான் வருவார்கள். வெளிச்சம் விழும் ஒரே ஜன்னல் அந்தச் சுவரில் இருந்தது. தையல் மிஷின் அதற்குக் கீழே. போன வருஷம் மூன்று உடைகளின் ஓரத்தில் பழுப்புக் கறை. ஒரு தாய், துணியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “எம்பொண்ணு நற்கருணை வாங்கப் போறாளா, நாத்து நடப் போறாளா?” என்று கேட்டுவிட்டாள். அதிலிருந்து மனைவி தினமும் விடிந்ததும் ஈரத்துணியால் சுவரைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க உப்பு அதிகமாயிற்று.

“இந்த மாசத்துக்குள்ள செவுரு ஒரு வழிக்கு வரலன்னா, வாங்கி வச்ச துணியெல்லாம் திருப்பிக் குடுத்துடறேன்” என்றாள்.

பழைய மேஸ்திரி முகத்தில் விழிக்க எனக்குக் கூச்சம். வேறு இரண்டு பேரை அழைத்து வந்தேன். முதலாமவர் முழுக்கால்சட்டை போட்டவர், சுவரைத் தொடவேயில்லை. “இன்னொரு பூச்சு சிமெண்ட் ஏத்திட்டா, முசியே, கடலே வந்தாலும் உள்ள வராது” என்றார், ‘ஐயா’வைப் பிரெஞ்சில் சொல்லி.

“உள்ள இருக்கறது எந்த வழியா வெளிய போவும், அதையும் கேளுங்க” என்றாள் மனைவி, நூலைப் பல்லால் கடித்தபடி. அவர் படியிறங்கிப் போய்விட்டார். இரண்டாமவர் ஒரே தட்டு தட்டிவிட்டு, சுவரையே இடித்துக் கட்டலாம் என்றார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் மனைவி முக்காடு போட்டுக்கொண்டு, பழைய மேஸ்திரி வீட்டுக்குத் தானே போய் அவரைக் கையோடு கூட்டி வந்துவிட்டாள்.

துப்பிவிட்டு வந்த மேஸ்திரி தரையில் குந்தினார். “கல்லு நல்லா இருக்கு. செவுத்துக்கு ஒண்ணும் ஆவல. சிமெண்ட எடுத்துடணும். செங்கல்லு தெரிய ஆனி வரைக்கும் சும்மா வுடணும். உப்பு பூக்கும், பூக்கட்டும். காஞ்ச தொடப்பத்தால தட்டிடு தங்கச்சி. தண்ணி காட்டாத. தண்ணி பட்டா வெளிய வந்தது திரும்ப உள்ள போயிடும். காஞ்சப்பறம் சுண்ணாம்பு பூசறேன்.”

“ஆனி வரைக்குமா? அதுக்கு முன்னாடி பத்துப் பிள்ளைங்களுக்கு வெள்ள உடுப்பு தச்சாவணும் அண்ணே. உரிச்ச செவுத்துகிட்ட ஒக்காந்து நான் எப்படித் தைக்கறது?”

மேஸ்திரி எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். கோபித்துக்கொண்டாரோ என்று நினைத்தேன். மனைவி மிஷினைப் பார்த்தபடி நின்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி அடக்கினாள்.

ஒரு மணி நேரம் இருக்கும். பெரிய மார்க்கெட் பக்கமிருந்து தலையில் ஒரு கோரைப்பாயும் கையில் ஒரு மூங்கிலுமாக வந்தார். “செவுத்துக்கும் பாய்க்கும் நடுவுல ஒரு சாண் காத்து ஓடணும். ஜன்னல மறைக்காம தொங்க வுட்டுடறேன். அது அதும்பாட்டுக்குக் காயட்டும். நீ உம்பாட்டுக்குத் தை” என்றார். பிறகு கைகால் கழுவிக்கொண்டு வந்து, அவளுடைய முக்காலியில் உட்கார்ந்தார். இல்லாத துணியை இரண்டு கையாலும் பிடித்து ஊசிக்கடியில் தள்ளுவதுபோல முழங்கையை அகட்டி அகட்டிப் பார்த்தார்.

“உடுப்பு நீளமா இருக்கும் அண்ணே, இன்னும் இந்தப் பக்கம் வரும்” என்றாள் மனைவி. சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு.

இன்னும் கொஞ்சம் அகட்டினார். முழங்கை எட்டிய இடத்துக்கு நேரே தரையில் கரித்துண்டால் ஒரு கோடு கிழித்து, “பாயி இதத் தாண்டி உம்பக்கம் வராது” என்றார். மிஷினைத் தனியாளாகத் தூக்கி அடுத்த அறையில் வைத்துத் தன் துண்டால் மூடிவிட்டு வந்து, ஜன்னலுக்குக் கீழே இருந்த சிமெண்டில் உளியை வைத்தார்.