அண்ணி கேட்ட ரெண்டு நிமிஷம்

எங்க அண்ணியைப் பத்திச் சொல்லணும்னா முதல்ல என் கால் ஆணியைப் பத்திச் சொல்லணும். அது அவங்க எனக்குக் குடுத்த சீர். தெருமுனைக் கடைக்குப் போறதுக்கே யாராவது வண்டியில வர்றாங்களான்னு பாக்கிற என்னை, தலைநகரம் வரைக்கும் நடத்தியே கூட்டிட்டுப் போன புண்ணியவதி.

அண்ணிக்குத் தையல் கம்பெனியில காஜா மெஷின். நாள் முழுக்கச் சட்டைக்குப் பொத்தான் துளை போடணும். என் அண்ணனுக்கு ராத்திரி ரயில்ல விரிப்பும் கம்பளியும் குடுக்கிற வேலை. கான்ட்ராக்டர் மனசு இளகி லீவு குடுக்கிறதுக்குள்ள ஒரு மழைக்காலமே வந்து போயிடும். ஆனா அந்த வண்டி சாயங்காலம் எங்க ஊர்ல ரெண்டு நிமிஷம் நிக்கும். அண்ணி கம்பெனி விட்டதும் ஓடிப் போய் மூணாவது பெட்டி வாசல்ல நிப்பாங்க. சாப்பாட்டு டப்பா மேலே போகும், காலி டப்பா கீழே வரும். "மெலிஞ்சிட்டியே"ம்பான் அண்ணன். "நீங்க மட்டும் என்னவாம்"பாங்க இவங்க. குடும்பம் நடத்தினதே அந்த ரெண்டு நிமிஷத்துலதான்.

ஏறுறவங்க குறைவுன்னு சொல்லி ஒருநாள் நிறுத்தத்தை எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் வண்டி தடதடன்னு போகும். கதவுல ஒரு கை ஆடும். அது அண்ணன் கைதானான்னுகூடத் தெரியாம அண்ணி டப்பாவோட திரும்பி வருவாங்க. அந்தச் சாப்பாட்டை நான்தான் சாப்பிடுவேன். 

எங்க ஊர் மருந்துக்கடைக்காரர்தான் ஆரம்பிச்சு வெச்சார். நிறுத்தத்தைத் திரும்பக் கேட்டு, வழியில ஊர் ஊரா கையெழுத்து வாங்கிக்கிட்டு, தலைநகரத்துல இருக்கிற ரயில் தலைமை ஆபீசுக்கு நடந்தே போய் மனு குடுக்கிறதுன்னு. அண்ணி முதல் ஆளா பேர் குடுத்தாங்க. துணைக்கு நான் வர்றேன்னும் அவங்களே சொல்லிட்டாங்க, என்னை ஒரு வார்த்தை கேக்கலை. அந்த வாரம் அதிசயமா அண்ணனுக்கு லீவு. "முதல் கையெழுத்து இவரு போடட்டும், கைராசிக்காரர்"னு அண்ணி தாளை நீட்டினாங்க. அண்ணனும் பேரு, ஊரு, என்ன வேலைன்னு எல்லாத்தையும் குண்டு குண்டா எழுதிக் கையெழுத்துப் போட்டான். எல்லாரும் கை தட்டினோம். நானுந்தான்.

வழியெல்லாம் மருந்துக்கடைக்காரர் ஆஸ்பத்திரி, காலேஜ், வியாபாரம்னு தொண்டை கிழியப் பேசுவார். ஜனங்க கொட்டாவி விடுவாங்க. அண்ணி மெதுவா பக்கத்துல போய், "என் வீட்டுக்காரர் அந்த வண்டியில வேலை பாக்கிறாருங்க. ரெண்டு நிமிஷம் நின்னாப் போதும்"பாங்க. உடனே ஜனங்க பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போடுவாங்க. ஒரு டீக்கடைக்காரர், கையெழுத்துப் போடாம நழுவப் பாத்தவனுக்கு டீ கிடையாதுன்னே சொல்லிட்டார்.

ஒரு சாயங்காலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. வர்றது அண்ணன் வண்டி. அங்கே வளைவுங்கிறதால மெதுவாத்தான் வந்தது. அண்ணன் எங்க பேனரைப் பாத்துட்டு ஒரு வெள்ளை விரிப்பை உதறி ஆட்டினான். அண்ணி தாளையெல்லாம் என் மேல போட்டுட்டு ரெண்டு கையையும் தூக்கினாங்க. வண்டி போயாச்சு, கேட் திறந்தாச்சு, பின்னால லாரிக்காரன் ஆரன் அடிக்கிறான், தூக்கின கையை இறக்கலை. "முகம் நல்லாத் தெரிஞ்சுதுடி"ன்னாங்க. அன்னைக்கு முழுக்க அதையேதான் சொல்லிக்கிட்டு வந்தாங்க. எனக்கும் கால் வலி தெரியலை.

மனு குடுக்கப் போறப்போ, அண்ணன் கையெழுத்து இருந்த முதல் தாளை முன்னால பிடிச்சபடி போட்டோ எடுத்துக்கிட்டோம். பேப்பர்ல பெரிசா வந்தது. கான்ட்ராக்டரும் பேப்பர் படிக்கிறவர்தானே. அண்ணனோட குண்டு எழுத்தைக் கண்ணாடி இல்லாமலே படிச்சிருப்பார். எங்கிட்டே வேலை பாத்துக்கிட்டு ரயிலுக்கு எதிரா கையெழுத்தான்னு, வேற திசையில போற வண்டிக்குத் தூக்கிப் போட்டுட்டார். அது எங்க ஊர்ப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காது. அண்ணன் போன்ல சொன்னப்போ, "நான்தானே தாளை நீட்டினேன்"னு அண்ணி ஒரே ஒரு தடவை சொன்னாங்க. நாசமாப் போக அந்த ஆளுன்னு நான் வாயாரத் திட்டினேன்.

கொஞ்ச நாள்ல நிறுத்தம் திரும்ப வந்துடுச்சு. முதல் நாள் ஊரே பிளாட்பாரத்துல. மருந்துக்கடைக்காரருக்குக் கால் தரையில படலை. நான் எவ்வளவோ சொல்லியும் கேக்காம அண்ணி டப்பாவோட வந்து மூணாவது பெட்டி வாசல்ல நின்னாங்க. உள்ளேயிருந்து தலை வழுக்கையான ஒருத்தர் கம்பளியும் கையுமா எட்டிப் பாத்தார்.

"யாரைம்மா தேடுறீங்க?"

"யாரையும் இல்லண்ணே. இதைச் சாப்பிடுங்க. திரும்பி வர்றப்போ காலி டப்பாவைக் குடுத்துடுங்க."

அவர் முழிச்சார், ஆனா வாங்கிக்கிட்டார். வண்டி முழுசா ரெண்டு நிமிஷம் நின்னுச்சு. ரெண்டு நிமிஷம் அவ்வளவு நீளமா இருக்கும்னு நான் நினைக்கவே இல்லை.

வீட்டுக்குத் திரும்புறப்போ அண்ணி மெதுவா கேட்டாங்க: "உங்க அண்ணன் இப்போ போற பாதையிலயும் எங்கேயாவது கேட் இருக்கும்ல? வளைவு மாதிரி, வண்டி மெதுவாப் போற இடமா?"

"அங்கே போய் என்ன பண்ணப் போறீங்க?"

"சும்மா நிக்கத்தான். நடந்து போயிட மாட்டோமா?"

உங்களுக்குப் பைத்தியமான்னு கேக்க வாயெடுத்தேன். அவங்க முகத்தைப் பாத்தேன். அப்புறம் என் செருப்பைப் பாத்தேன், வார் அறுந்து தொங்கிக்கிட்டிருந்தது.

"முதல்ல எனக்கு ஒரு நல்ல செருப்பு வாங்கிக் குடுங்க"ன்னேன்.