மூன்று தட்டு தாஹு கிம்பால்

பர்லானுக்கு வாய் என்று ஒன்று இருப்பதே அவர் சாப்பிடும்போதுதான் தெரியும். இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில், செமாராங் நகரத்தின் அந்த ஐந்து மாடி மாலில் இருபத்து மூன்று வருடமாக எஸ்கலேட்டர் மெக்கானிக். அவருக்குப் பின்னால் வேலைக்கு வந்த இரண்டு பேர் சூப்பர்வைசர் ஆகிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் மேனேஜர் கூப்பிட்டு, "உங்களுக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையே, பாக் பர்லான்?" என்று ஐயாவுக்கு 'பாக்' போட்டு மரியாதையாகவே கேட்பார். "ஐயோ, எனக்கு ஒண்ணும் இல்லீங்க" என்று சிரித்தபடி ஸ்பானரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார் இவர்.

போன வருடம் பல் டாக்டர் ஒருவர் சொத்தைப் பல்லை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த நல்ல பல்லைப் பிடுங்கிப் போட்டார். பர்லான் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, பஸ் ஏறி வேறு டாக்டரிடம் போய்ச் சொத்தைப் பல்லை எடுத்துக்கொண்டார். கேட்பவர்களுக்கு ரத்தம் கொதிக்கும். அவர் மனைவி கஸியாத்திக்கும் கொதித்துக் கொதித்து இப்போது ஆறியே போய்விட்டது. ஜாவாக்காரர்கள் பொதுவாகவே மனதில் இருப்பதை மென்று விழுங்குகிறவர்கள்தான். அதற்காகப் பல்லைக் கூடவா விழுங்குவது?

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

மகள் வினார்சிக்கு இருபத்தேழு வயது. மருந்துக்கடையில் வேலை. அதே கடையில் வேலை பார்க்கும் நஸ்ரில் என்ற, சுமத்ராத் தீவின் பதாங் ஊர்ப் பையனோடு மூன்று வருடப் பழக்கம். பையனின் அம்மாவும் தாய்மாமனும் சுமத்ராவிலிருந்து இரண்டு நாள் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்கள்.

"உங்களைப் பாத்துப் பேசத்தான்பா வந்திருக்காங்க. நாளைக்குக் காலைல கிளம்பிடுவாங்க," என்றாள் வினார்சி. "ஊர்ல ஒரு பொண்ணு வீட்டுக்காரங்க நஸ்ரிலைக் கேட்டுக் கேட்டு அவங்க அம்மாவைத் தொளைக்கிறாங்களாம். இன்னிக்கு முடியலைன்னா அவ்வளவுதான்."

பெண்ணைப் பெற்றவர்கள் இப்படியா வெட்கமில்லாமல் பின்னால் அலைவார்கள் என்று பர்லான் மனதுக்குள் முகம் சுளித்தார். அதற்கு மேல் அதைப்பற்றி யோசிக்கவில்லை. அவருக்கு வேறு கவலை. அவர் வீடு இருந்த கெனுக் பக்கம் நாலு நாளாகக் கடல்தண்ணீர் ஏறிக் கணுக்கால் அளவுக்கு நின்றது. சோபாவைச் செங்கல் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். சம்பந்தம் பேச வருகிறவர்களை எங்கே உட்கார வைப்பது? யோசித்து யோசித்து, மாலின் நாலாவது மாடி ஃபுட் கோர்ட்டில் ஜுமினா அக்காவின் கடையைச் சொல்லி அனுப்பினார். தாஹு கிம்பாலுக்குப் பேர்போன கடை. பொரித்த டோஃபுவும் இறால் வடையும் கடலைச் சாறுமாக அவள் கலக்கிற வாசனை எஸ்கலேட்டரில் ஏறும்போதே வரும். பர்லான் அந்தக் கடை விளக்கைப் பத்துத் தடவை சரிசெய்து கொடுத்திருக்கிறார். ஒரு தடவைகூட அங்கே உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

பாத்திக் சட்டையோடு அவரைப் பார்த்ததும் ஜுமினா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"யாருடா இந்த மாப்பிள்ளைன்னு பாத்தேன்! டூல்ஸ் பை எங்க, பாக் பர்லான்?"

"சும்மா இருங்க அக்கா. அவங்க வந்துட்டாங்க."

பையனின் அம்மா ரோஸ்மா வாட்டசாட்டமான பெண்மணி. தலைச்சீலையை நறுக்கென்று குத்தியிருந்தார். மாமன் பக்தியார் கறுப்புக் குல்லாயும் அடர்ந்த மீசையுமாக வந்தார். பையனுக்கு அப்பா உயிரோடுதான் இருக்கிறாராம். ஆனால் பேச வந்தது மாமன். ஏன் என்று பர்லானுக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை. வினார்சியும் நஸ்ரிலும் பெரியவர்கள் பேசட்டும் என்று தூரத்தில் ஜூஸ் கடை ஓரம் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

நாலு தட்டு வந்தது. பஸ்ஸைப் பற்றிப் பேசினார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள். ரோஸ்மா ஒரு டப்பாவை நகர்த்தி, "மாட்டுக்கறி ரெண்டாங். நானே செஞ்சது. வழியில கெடாம வந்து சேந்துருச்சு," என்றார். கஸியாத்தி மேஜைக்கடியில் கணவன் காலை மிதித்தாள். ஆரம்பிக்கிறார்கள் என்று அர்த்தம். பர்லான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பதில் தயாராக இருந்தது. இரண்டு ராத்திரி படுக்கையில் கிடந்து மனப்பாடம் செய்த பதில். பையன் வீட்டார் பெண் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டு, 'எங்க பொண்ணுக்குச் சமைக்கத் தெரியாது, கோவக்காரி, உங்க வீட்டுக்கு ஏத்தவளான்னு தெரியல' என்று சொல்ல வேண்டும். அதுதான் முறை. அவர்கள் இரண்டாம் தடவை கேட்ட பிறகு சம்மதிக்க வேண்டும்.

ஆனால் ரோஸ்மா கேட்கவில்லை. டப்பாவை நகர்த்தியவர் கையைக் கட்டிக்கொண்டு பர்லானையே பார்த்தார். பர்லான் அவரைப் பார்த்துச் சிரித்தார். அவரும் சிரித்தார். அவ்வளவுதான்.

"இன்னொரு தட்டு சொல்லட்டுமா?" என்றார் பர்லான்.

இரண்டாவது சுற்று வந்தது. பக்தியார் ஒரு வாய் வைத்துவிட்டு மிளகாய்ச் சம்பாலை மொத்தமாகக் கவிழ்த்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க, பாக். உங்க ஊர்ல எதுல வெல்லம் போடுறதுன்னு ஒரு கணக்கே இல்லையா? நாக்கு இனிச்சா போதாது. பேச்சும் கொஞ்சம் இனிக்கணும் இல்ல?"

இது எதற்குச் சொல்கிறார் என்று தெரியாமல் பர்லான் பெரிதாகச் சிரித்து வைத்தார். நாலு பேரும் மறுபடி தட்டைக் குடைந்தார்கள். பக்கத்து மேஜையில் ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள் பாட்டு பாடி முடித்து, கேக் வெட்டி, கேக்கும் தீர்ந்துபோயிற்று.

"வினி அப்பா, ஏதாவது பேசுங்களேன்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள் கஸியாத்தி.

"என்னத்தப் பேச? அவங்கதானே ஆரம்பிக்கணும்?"

"அது சரிதான்... ஆனா ஆரம்பிக்க மாட்டேங்கிறாங்களே!"

கடைசியில் பக்தியார் தொண்டையைச் செருமினார். "பாக் பர்லான், நாங்க ரொம்பத் தூரத்துலேருந்து வந்திருக்கோம். உங்க பக்கம் ஏதாவது கேக்கணும்னு இருந்தா, கூச்சப்படாம கேளுங்க."

இருபத்து மூன்று வருடப் பழக்கம் சும்மா விடுமா? மூளை யோசிக்கும் முன் வாய் முந்திக்கொண்டது. "ஐயோ, எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க!"

ரோஸ்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. முகம் சட்டென்று கறுத்தது. பக்தியார் மீசையைத் தடவிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

பர்லானுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம்? எதுவுமே சொல்லவில்லையே! நகக்கண்ணில் இருக்கும் கிரீஸைப் பார்த்துவிட்டார்களோ? வீட்டில் தண்ணீர் நிற்பதைப் பையன் சொல்லிவிட்டானோ? ரெண்டாங் டப்பாவை உடனே திறந்து தின்றிருக்க வேண்டுமோ? மெக்கானிக் வீட்டுப் பெண் வேண்டாம் என்றால் பஸ் ஏறி வந்திருக்கவே வேண்டாமே? ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடாதபோது அவருக்குத் தெரிந்த ஒரே வழி உபசரிப்பதுதான். மூன்றாவது சுற்று சொன்னார்.

"வயித்துல எடமிருக்கா, இல்ல போட்டியா?" என்றபடி ஜுமினா தட்டுகளை வைத்துவிட்டுப் போனாள். யாரும் தொடவில்லை.

ரோஸ்மா கைப்பையை எடுத்தார். "அப்ப நாங்க வர்றோம்."

பர்லானும் எழுந்தார். சம்பந்தம் கைநழுவிப் போகிறது என்று தெரிந்தது. இருந்தும் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "நல்லதுங்க. பத்திரமாப் போயிட்டு வாங்க." அந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது!

இரண்டடி போன ரோஸ்மா திரும்பினார். பதாங்காரர்களுக்கு மென்று விழுங்கிப் பழக்கம் இல்லை.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடறேன். இல்லைன்னா பஸ்ல எனக்குத் தூக்கம் வராது. எங்க பையனைப் பிடிக்கலைன்னா மொகத்துக்கு நேரா சொல்லிருக்கலாம். வரவெச்சு, மூணு தட்டு வாங்கி வெச்சு, ஒண்ணும் இல்லீங்கன்னு சிரிச்சுக்கிட்டே அனுப்புறீங்களே, இது என்ன பழக்கம்?"

"பிடிக்கலையா? யாருக்குப் பிடிக்கல?" பர்லான் திருதிருவென்று விழித்தார்.

"பிடிச்சா கேட்டிருப்பீங்களே!"

"நாங்களா? நாங்க... எதைக் கேக்கணும்?"

"எங்க பையனைத்தான்! பொண்ணு வீட்டுக்காரங்க வந்து கேட்டாத்தானே பையனைக் குடுக்க முடியும்? நானே என் பிள்ளையைத் தூக்கிட்டு வந்து, வெச்சுக்குங்கன்னு நீட்டுறதா? எங்க ஊர்ல காறித் துப்புவாங்க. வீடு தண்ணில இருக்குன்னு பையன் சொன்னான். சரி, கஷ்டத்துல இருக்காங்க, நாமளே எறங்கிப் போவோம்னு வந்தேன். அதுவே அதிகம்."

கஸியாத்தி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயையோ, ரோஸ்மா இபு! எங்க ஊர்ல பையன் வீடுதான் பொண்ணு கேட்டு வரும். நாங்களா வாயைத் தொறந்தா, பொண்ணை எவன் தலையிலயாவது கட்டப் பாக்குறாங்கன்னு ஊரே சிரிக்கும். நீங்க எப்பக் கேப்பீங்கன்னு நாங்க உக்காந்திருக்கோம்!"

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைக்குள்ளிருந்து ஜுமினா தலையை நீட்டினாள். "ரெண்டு மணி நேரமா இதுக்கா என் நாற்காலியத் தேச்சீங்க?"

பக்தியார் சிரிக்கவில்லை. "விஷயம் வெளங்கிடுச்சு. ஆனாலும் நான் கேக்க முடியாது, பாக். எங்க பக்கம் கல்யாணம் பேசி முடிக்கிறது மாமன்தான். அப்படி ஊர்ல எனக்கு ஒரு பேர் இருக்கு. கேட்டுட்டு வந்தேன்னா அந்தப் பேர் போயிடும்."

அப்படியானால் பர்லான்தான். பெண்ணைப் பெற்றவன், நடுக் கூட்டத்தில் நின்று, எனக்கு மாப்பிள்ளை தாருங்கள் என்று கேட்க வேண்டும். அவர் அப்பா இருந்திருந்தால் நாக்கை அறுத்துக்கொள்ளச் சொல்லியிருப்பார். தூரத்தில் பெரியவர்கள் எழுந்து நிற்பதைப் பார்த்து வினார்சியும் எழுந்துவிட்டிருந்தாள். ஜூஸ் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் பர்லானுக்கு அப்பாவும் மறந்துபோனார், ஊரும் மறந்துபோயிற்று.

மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் பதில். கேள்வி எதுவும் கைவசம் இல்லை. அதனால் வந்ததைப் பேசினார்.

"உங்க பையனை எங்களுக்குக் குடுங்க. எங்க வீட்டுல இப்பத் தண்ணி நிக்குது. உக்காருங்கன்னு சொல்ல ஒரு நாற்காலி காயல. ஆனா என் பொண்ணு நல்ல பொண்ணுங்க. ரொம்ப நல்ல பொண்ணு."

கஸியாத்தி கணவனை யாரோ புது ஆள் மாதிரி பார்த்தாள். ரோஸ்மா தலைச்சீலை ஓரத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பக்தியார் நீளமாக மூச்சு விட்டார்.

"நல்லது, பாக். ஊர்ல இன்னும் நாலு மாமன்மார் இருக்காங்க, போய் அவங்களைக் கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புறோம்."

பர்லான் தலையில் இடி விழுந்தது. கலந்துகொண்டு சொல்கிறோம் என்றால் ஜாவாவில் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று பொருள். கேட்டதும் வீண்தானா? மரியாதையும் போயிற்றா? வழக்கப்படி தலையை ஆட்டத்தான் போனார். ஆனால் கேட்கிற வாய் ஒருமுறை திறந்துவிட்டால் லேசில் மூடுவதில்லை.

"மன்னிச்சுக்குங்க. எனக்கு ஒண்ணுமே புரியல. எங்க ஊர்ல இப்படிச் சொன்னா வேண்டாம்னு அர்த்தம். உங்க ஊர்ல என்ன அர்த்தம்? அதோ நிக்கிறாளே, அவகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்லட்டும்?"

"எங்க ஊர்ல வேண்டாம்னா வேண்டாம்னுதான் சொல்லுவோம்," என்றார் ரோஸ்மா. "கலந்துக்கிறது ஒரு மொறை. பையனுக்கு அம்மா நான். நான் உக்காந்துட்டேன், பாருங்க." சொன்னபடியே நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, ஆறிப்போன மூன்றாவது தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "காலையிலேருந்து பயத்துல ஒரு வாய் எறங்கல எனக்கு."

பர்லான் மகளை நோக்கி நடந்தார். கால் எங்கே படுகிறது என்று தெரியவில்லை. கன்னம் ஈரமாக இருந்ததை அவர் கவனிக்கவில்லை. வினார்சி கவனித்துவிட்டாள். தம்ளரை மேஜையில் வைத்தாள். அவள் உதடு கோணிக்கொண்டு போயிற்று.

"முடியாதுன்னுட்டாங்களாப்பா? நீங்க வழக்கம்போல ஒண்ணும் இல்லீங்கன்னுட்டீங்களா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார். ஆமாம் என்றும் ஆட்டினார். எந்தக் கேள்விக்கு எந்தத் தலையாட்டல் என்று அவருக்கே குழம்பிப்போயிற்று. கடைசியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் கேட்டேம்மா," என்றார். "கேட்டேன். குடுத்துட்டாங்க."